டிரா ஷீட்டின் மறுமுனை

பெண்கள் வார்டுக்குள் நுழைகிற ஆண் யாராக இருந்தாலும் வாசலில் நின்று "வாரேனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவின் பெண்கள் வார்டில், இன்றும் இப்படித்தான் நடக்கிறது. டாக்டரும் சொல்கிறார், ஃபேன் ரிப்பேர் செய்ய வருகிறவரும் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்திருக்கும் கார்த்திக் என்ற நர்ஸ் போன மாதம் எனக்கு போன் செய்தான். "அண்ணா, இந்தப் பழக்கத்தை ஆருங்க ஆரம்பிச்சு வச்சது? கேட்டா எல்லாரும் உங்க பேரைச் சொல்றாங்க" என்றான். ஆரம்பித்தது நானில்லை. ஆனைமலைப் பக்கத்து ரேக்ளாக்காரர் ஒருவர். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கா பஞ்சம், ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மதுக்கரை. அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கித் தோள் காய்த்துப்போனவர். நான் நர்சிங் படிக்கப்போகிறேன் என்றதும், "ஏங் கண்ணு, அது பொம்பளப் புள்ளைக படிக்கறதல்ல?" என்று கேட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் வேலை கிடைத்த பிறகு உறவுக்காரர்களிடம் என்னை "ஆஸ்பத்திரியில சூப்பர்வைசர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப்போன ஒரு வீட்டில் பெண்ணின் மாமா, "உங்களுக்குக் கீழ எத்தனை பேருங்க?" என்று கேட்டார். "கீழ ஆரும் இல்லீங்க, கட்டில்ல படுத்திருக்கறவங்கதான்" என்று சொல்லித் தொலைத்தேன். காபி ஆறுவதற்குள் அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. என் மனைவி சுமதிக்கு மட்டும் இந்த வேலை குறையாகப் படவில்லை. அவளுடைய அப்பா நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். அவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் கிடைக்காமல் தவித்த வீடு அது.

படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தோம். பிரசவ வார்டு பயிற்சி வரும்போது பெண்களெல்லாம் அங்கே போவார்கள், எங்களை மனநோய் வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்கு வந்த பிறகு "பிரதர்" என்று கூப்பிட்டார்கள். பழக்க தோஷத்தில் சில பெரியவர்கள் "சிஸ்டர் தம்பி" என்றும் கூப்பிட்டதுண்டு. திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா, பார்ப்பேன்.

எந்த வார்டுக்குப் போனாலும் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. நோயாளியைத் தூக்க வேண்டுமா, ஆக்சிஜன் சிலிண்டரை நகர்த்த வேண்டுமா, குடித்துவிட்டு வந்து முரண்டுபிடிக்கிறவனை அமுக்க வேண்டுமா, பிரதரைக் கூப்பிடு. துடைக்க வேண்டுமா, ஊட்ட வேண்டுமா, சிஸ்டரைக் கூப்பிடு. படித்ததெல்லாம் ஒரே படிப்பு, ஆனாலும் பளு தூக்க மட்டும்தான் நான் லாயக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. அந்தச் சட்டத்தை ஏற்காத ஒரே ஆள் ரோஸ்லின் சிஸ்டர்.

ரோஸ்லின் சிஸ்டர் நாகர்கோவில்காரர், எங்கள் வார்டின் தலைமை நர்ஸ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் அந்தக் கட்டிலருகே வந்து பேசாமல் நின்றுகொள்வார். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டார். சில நேரம் சிறுநீர்ப் பை கட்டில் மட்டத்துக்கு மேலே தொங்கும். சில நேரம் விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கும். அதைச் சரிசெய்ததும் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். திட்டு வாங்குவதே தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

நான் அவருடைய வார்டுக்கு மாறிவந்த முதல் நாள் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவன்போல நான் கிடக்க வேண்டும், மற்ற இருவர் என்னைத் திருப்ப வேண்டும். முதுகெலும்பு அடிபட்டவர்களைத் திருப்புவதற்கு ஒரு முறை உண்டு. விரிப்பின்மேல், தோளிலிருந்து தொடைவரை வருகிறமாதிரி, மடித்த ஒரு துணியைக் குறுக்காகப் போட்டிருப்போம். அதற்கு டிரா ஷீட் என்று பெயர். அந்தத் துணியின் ஓரத்தை உடம்பை ஒட்டி இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு துணியோடு ஆளை நகர்த்த வேண்டும். ஒருபக்கமாகத் திருப்பிவைக்க, பழகியவர் ஒருவரே போதும். ஆனால் சரிந்துபோன ஆளைக் கட்டிலில் மேலே ஏற்றிவைக்க இரண்டு பேர், இரண்டு பக்கம், ஒரே நேரத்தில் வேண்டும். ஒருவராக இழுத்தால் முதுகுத் தோல் விரிப்பில் உராயும். அங்கே சிவப்பது நாளைக்குப் புண்ணாகும். உணர்வில்லாத உடம்பு வலிக்கிறது என்று சொல்லாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றும் இருந்தது. "எண்ணு தம்பி" என்றார் ரோஸ்லின் சிஸ்டர்.

"நானா? படுத்திருக்கறவனா?"

"ஆமா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்ல வேண்டியது படுத்திருக்கிறவங்கதான். அவங்க உடம்பு. எப்ப அசைக்கணும்னு அவங்க சொல்லட்டும்."

எண்ணினேன். திருப்பினார்கள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி வார்டைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எத்தனை பேரைக் கேட்காமலே புரட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

பூங்கொடி அந்த வார்டுக்கு வந்தது சில வருடங்கள் கழித்து. ஆனைமலைக்குப் பக்கத்துக் கிராமம், முப்பது வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. புருஷன் தங்கவேலின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போயிருக்கிறார், சேலை கட்டிய பெண்கள் எல்லோரும் உட்காருகிறமாதிரி. வேகத்தடையில் வண்டி எகிறியதும் பிடிமானமில்லாமல் மல்லாக்க விழுந்துவிட்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. அது திரும்பப்போவதில்லை என்பதை டாக்டர் இருவரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் நாள் நான் கட்டிலருகே போனதும் பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டு, "பிரதர் வேண்டாமுங்க, சிஸ்டரை வரச்சொல்லுங்க" என்றார். எனக்குப் பழகிய வார்த்தைதான். சிஸ்டரை அனுப்பினேன்.

தங்கவேல் ரேக்ளா ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சிறிய வண்டியில் காளைகளைப் பூட்டி விரட்டுகிற பந்தயம். வண்டியில் நிற்கிறவனுக்கு உயிர்மேல் பயம் இருக்கக்கூடாது, மீசையும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன. அப்படிப்பட்ட ஆள் காலை முதல் சாயங்காலம்வரை வார்டுக்கு வெளியே வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் வார்டில் ஆண்களுக்குப் பார்வை நேரம் மட்டும்தான் அனுமதி. மற்ற நேரத்தில் எட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் விசிலை ஊதிவிடுவார்.

உள்ளே துணைக்கு இருந்தது பூங்கொடியின் அம்மா. கூலி வேலை செய்கிறவர், இரண்டு முட்டியும் தேய்ந்தவர். மகளைத் திருப்புவதற்குள் அவரே கட்டிலில் சாய்ந்துவிடுவார். ஆனால் இரு குடும்பத்திலும் பேச்சு என்னவோ முடிவாகியிருந்தது. டிஸ்சார்ஜ் ஆனதும் பூங்கொடியைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோவது. பிரசவமானாலும் நோவானாலும் பெண் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அங்கே அந்த அம்மாவைத் தவிர யாருமில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த உடம்பைத் திருப்ப அங்கே கையில்லை. படுக்கைப் புண் வரும், சீழ் பிடிக்கும், காய்ச்சலில் கொண்டுபோகும். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

தங்கவேலுக்கு யார் சொன்னார்களோ, ஒருநாள் ரோஸ்லின் சிஸ்டரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "நான் எங்கூட்டுக்கே கூட்டிட்டுப் போறனுங்க. நானே பாத்துக்கறேன். என்ன பண்ணோணுமோ எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையுமுங்க."

சிஸ்டர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஆண்களை வெளியே நிறுத்துகிற அந்த விதிக்கு நியாயம் இருந்தது. உள்ளே பெண்கள் உடை மாற்றுவார்கள், சேலை விலகித் தூங்குவார்கள். அதனால் அவர் விதியைத் தளர்த்தும்படி மேலிடத்தில் கேட்பதற்கு முன்னால் வார்டில் படுத்திருந்தவர்களிடம் கேட்டார். அடுத்த கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ராஜம்மாள், சிங்காநல்லூரில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்டுக்கே அவர்தான் வாய்.

"ஆம்பள திடுதிப்புன்னு உள்ள வந்தா நாங்க சீலைய எப்புடிங்க சரி பண்றது?" என்றார்.

வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கவேல் அங்கிருந்தே, "நான் கொரல் குடுத்துட்டு வாரேனுங்க. நீங்க வாங்கன்னு சொன்னாத்தான் வருவேன். சொல்லாங்காட்டி நின்னுக்கறேன்" என்றார்.

வார்டு அதை ஒத்துக்கொண்டது, மேலிடமும் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து "வாங்க" சொல்லும் அதிகாரம் ராஜம்மாளுக்கு. பாவம், சில நாள் மனுஷனை வேண்டுமென்றே நிற்கவைத்துவிடுவார். "இருங்க கண்ணு, நான் தலை சீவிக்கிறேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பூங்கொடி மட்டும் சிரிக்கமாட்டார்.

பாடம் ஆரம்பமானது. குதிகால், இடுப்புக்குப் பின்பக்கம், முதுகின் அடிப்பகுதி, முழங்கை, இந்த இடங்களை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கழுவும்போது முன்னாலிருந்து பின்னால், ஒருபோதும் பின்னாலிருந்து முன்னால் இல்லை. ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. தங்கவேல் ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கவில்லை. கைப்பலம்தான் தகராறு. முதல் முறை டிரா ஷீட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் தலையணை கீழே விழுந்தது.

"மாட்டுக் கயிறு இல்ல தம்பி" என்றார் சிஸ்டர்.

"மாட்டையும் இப்புடி இழுக்க மாட்டனுங்க சிஸ்டர். பயத்துல இழுத்துப்போட்டேன்" என்றவர், சற்றுப் பொறுத்துச் சொன்னார். "எங்க செவலைப் பசு கன்னு போட்டுட்டு எந்திரிக்க முடியாமப் படுத்துருச்சுங்க. எங்கப்பாதான் வைக்கோலை மெத்தையாட்டம் போட்டு, வேளா வேளைக்குப் பொரட்டிப் பொரட்டிப் போட்டாரு. இல்லீன்னா தொடையில புண்ணு வெச்சுருமுங்க. அதே கணக்குத்தானுங்களே இதுவும்."

அப்போதுதான் பூங்கொடியின் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன். "என்னைய மாட்டோட சேத்தியாச்சா" என்றார். வார்டுக்கு வந்து அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

ஆனால் எண்ண மட்டும் மாட்டார். "எண்ணும்மா" என்று சிஸ்டர் சொல்வார். பூங்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் சிஸ்டரே எண்ணுவார்.

ஒரு மத்தியானம், தங்கவேல் சாப்பிடப் போயிருந்தபோது, பூங்கொடி என்னைக் கூப்பிட்டார். "பிரதர், நீங்க அவியகிட்ட எடுத்துச் சொல்லுங்க. நான் எங்கம்மா ஊட்டுக்கே போய்க்கறேன். அவிய ரேக்ளாவுல நின்னா ஊரே திரும்பிப் பாக்குமுங்க. எனக்குக் கழுவி உடறாங்கன்னு நாளைக்கு அதே ஊரு சிரிச்சா, அதை நான் எப்புடிங்க படுத்துட்டே பாத்துட்டிருப்பேன்?"

நானும் அந்தச் சிரிப்பை வாங்கியவன்தான். அதனால் "ஊர் என்ன சொன்னால் என்ன" என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புண் வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். தெரிந்தே சொல்கிறார் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தமாக இருந்தது. அவரை அவமானப்படுத்தியவர் அந்த வார்டில் ஒருவரும் இல்லை. ஆம்பளை என்றால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில், பார்வை நேரத்தில், தங்கவேலின் அப்பா கந்தசாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நல்ல மனுஷர்தான், மருமகளுக்கு இளநீர் வாங்கி வந்திருந்தார். ஆனால் அவரைப் பார்க்காமல், கட்டிலின் கால்மாட்டில் நின்று ரோஸ்லின் சிஸ்டரிடம் பேசினார்.

"ஏனுங்கம்மா, பொம்பளைக்கு முடியலீன்னா பொறந்தூட்டுக்குப் போறதுதானுங்க மொறை. செலவு எதுவானாலும் நான் குடுத்துடறேன். ஒரு வேலைக்காரப் பொம்பளையக்கூட வெச்சுக் குடுக்கறேன். இவன் இங்க நின்னுட்டு இந்த வேலையெல்லாம் பண்ணறது நல்லால்லீங்க. இது ஆம்பள கைக்கு ஆகாத வேலை."

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

"மாமா, செவலை படுத்துக் கெடந்தப்ப ஆருங்க பாத்தது?"

பெரியவர் திரும்பினார்.

"நீங்கதானுங்க பொரட்டிப் போட்டீங்க. கன்னு குறுக்க நின்னப்ப தோள் வரைக்கும் கைய உட்டு இழுத்ததும் நீங்கதான். சாணியும் ரத்தமுமா வந்து நின்னீங்க. டீக்கடையில அதைச் சொல்லாத ஆளில்லீங்க. கந்தசாமியாட்டம் கைகாரன் உண்டுமான்னாங்க. ஒருத்தரும் உங்களைப் பொம்பளன்னு சொல்லலீங்களே மாமா."

பூங்கொடிக்கு மூச்சு வாங்கியது. "எனக்குப் பண்ணினா மட்டும் அது எப்புடிங்க ஆகாத வேலையாச்சு?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் உடனே புருஷனைப் பார்த்தார்.

பெரியவர் இளநீரை மேசையில் வைத்துவிட்டு நடந்தார். ரோஸ்லின் சிஸ்டர் வாசல்வரை கூடவே போனார். "பெரியவரே, ஒரு விஷயம். மேல ஏத்தி வைக்க ரெண்டு ஆள் வேணும். துணியைத்தான் பிடிக்கணும், ஆள்மேல கை படாது" என்றார். அவர் நிற்காமல் போய்விட்டார்.

அதன்பிறகு பூங்கொடி பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. என்னையும் கிட்டே வரவிட்டார், ஆனால் எண்ணிக்கை மட்டும் இன்னும் சிஸ்டருடையதாகவே இருந்தது. பெரியவரும் வரவில்லை. தங்கவேலின் அம்மா துவைப்பார், சமைப்பார். ஆனால் குடலிறக்க ஆபரேஷன் செய்தவர், இழுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார் தங்கவேல். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "தினமும் பல தடவை தம்பி. பையன்கள் நாலு நாள் வருவாங்க. துணியோட மறுமுனையை யார் பிடிப்பாங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க. இல்லன்னா நான் அனுப்ப மாட்டேன்."

இப்போதும் தங்கவேல் வருடத்துக்கு ஒருமுறை எனக்கு போன் செய்கிறார். பூங்கொடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தையல் மிஷினைக் கையால் இயக்குகிற மோட்டாரில் ஓட்டுகிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். புண் வரவே இல்லை. அதையெல்லாம் விரிவாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் கார்த்திக் கேட்டது வாசலில் கொடுக்கிற குரலைப் பற்றி. அவர்கள் போன பிறகும் நான் அந்தக் குரலைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், பார்த்து மற்ற ஆண்களும் கொடுத்தார்கள், என் பேர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். டிஸ்சார்ஜுக்குக் குறித்திருந்த காலையோடு முடிக்கிறேன்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றது. கிளம்புவதற்கு முன்னால் பூங்கொடியைக் கடைசியாக ஒருமுறை மேலே ஏற்றிவைக்கத் தங்கவேல் கட்டிலின் ஒருபக்கம் நின்றார், மறுபக்கம் வழக்கம்போல் நான். வீட்டில் மறுமுனைக்கு ஆள் இன்னும் முடிவாகவில்லை, சிஸ்டர் மேசையைவிட்டு எழவில்லை. பூங்கொடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வாசலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "வாரேனுங்க."

தங்கவேலின் குரல் இல்லை. பெண்கள் அவசர அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள். ராஜம்மாள் எட்டிப் பார்த்தார். "ஆரு, மாட்டு வைத்தியருங்களா? வாங்க வாங்க" என்றார்.

கந்தசாமி உள்ளே வந்தார். இந்த முறை கால்மாட்டில் நிற்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தார். "சித்தத் தள்ளிக்குங்க தம்பி" என்றார். நான் தள்ளிக்கொண்டேன். குனிந்து துணியின் ஓரத்தை உள்ளங்கைக்குள் சுருட்டி, மருமகளின் தோளுக்குப் பக்கத்தில், தோள்மேல் படாமல், இறுக்கிப் பிடித்தார். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை.

"எப்ப இழுக்கோணுமுங்க?" என்று சிஸ்டரைக் கேட்டார்.

"எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார் ரோஸ்லின் சிஸ்டர்.

பெரியவர் அப்போதுதான் மருமகளின் முகத்தைப் பார்த்தார். "சொல்லு அம்மணி" என்றார்.

பூங்கொடி கண்ணை மூடவில்லை. இந்தப் பக்கம் புருஷனைப் பார்த்தார், அந்தப் பக்கம் மாமனாரைப் பார்த்தார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு."